ஒட்டு மீசை

வின்னியின் விரல் நடுங்கியதில் மீசை கோணலாக ஒட்டிக்கொண்டது. ஹ்யூபர்ட் பெல்கேட் அதைக் கண்ணாடியில் பார்த்தார். இடது பக்கம் சற்று மேலேறி, யாரையோ ஏளனம் செய்வதுபோல் இருந்தது. அந்த ஸ்டுடியோவுக்கு அவர் நடிக்க வந்த நாளிலிருந்து அவருக்கு ஒப்பனை செய்பவள் வின்னி மாட்தான். ஊர்க்கதை பேசிக்கொண்டே, பாதி நேரம் அவர் முகத்தைப் பார்க்காமலேகூட ஒட்டிவிடுவாள். இன்று வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அவள் மீசையை மறுபடி உரித்தபோது அவருக்கு மேலுதடு எரிந்தது.

"மன்னிச்சுக்குங்க மிஸ்டர் பெல்கேட். கை நிலையா இல்ல."

"என்ன வின்னி, நேத்து ஜின் கொஞ்சம் தூக்கலா?"

வழக்கமான கேலிதான். வழக்கமாக அவளும் ஒன்று திருப்பிக் கொடுப்பாள். இன்று பஞ்சைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அது தேம்ஸ் கரையில் ஒரு பீர் முதலாளி கட்டிய பழைய மாளிகை. போர் முடிந்ததும் அதை மலிவாக வாங்கியவர்கள் நடனக்கூடத்து உத்தரத்தில் விளக்குகளைத் தொங்கவிட்டு ஸ்டுடியோவாக்கியிருந்தார்கள். பெரிய படத்துக்கு முன்னால் தியேட்டரில் ஓட்டுவதற்கென்று ஒரு மணி நேரத் துப்பறியும் படங்களை அங்கே எடுத்துத் தள்ளினார்கள். ஒரு படத்தில் லண்டன் வக்கீலின் அறையாக இருந்த இடம் திரைச்சீலையை மாற்றினால் அடுத்த படத்தில் கிராமத்து டாக்டரின் அறை. அதே பச்சை சோபாவில் எத்தனையோ பேர் செத்துக் கிடந்தார்கள். எல்லாப் படத்திலும் இன்ஸ்பெக்டர் ஹ்யூபர்ட்தான். மழைக்கோட்டு அவருடைய சொந்தக் கோட்டு. மீசை மட்டும் ஸ்டுடியோவுடையது. அத்தனை படம் நடித்தும் தெருவில் யாருக்கும் அவரை அடையாளம் தெரியாது. உங்களை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்பார்கள்; பேங்க்கில் வேலை பார்க்கிறீர்களா என்று கேட்பார்கள்.

"பெரில்," என்றாள் வின்னி, சுவரைப் பார்த்தபடியே.

பெரில் அவளுடைய ஒரே மகள். தெற்கு லண்டனில், டூட்டிங்கில் கணவனோடும் இரண்டு வயதுப் பெண் குழந்தையோடும் இருந்தாள். மாப்பிள்ளை லென் ஹாரப் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்ப்பவன். குடி கிடையாது. தெருவில் பெண்கள் எதிரே வந்தால் தொப்பியைத் தூக்குவான். கல்யாணம் நிச்சயமானபோது வின்னி அவனைப் பற்றி ஸ்டுடியோ முழுக்கப் பீற்றிக்கொண்டதை ஹ்யூபர்ட் கேட்டிருக்கிறார்.

"காலைல வேலைக்குப் போறப்ப அவளோட ஷூ எல்லாத்தையும் ஒரு பையில போட்டுப் பூட்டிடுறான். கோட்டையும் சேத்து. சாவி அவன்கிட்ட. ஞாயித்துக்கிழமை போயிருந்தேன். வாசல்லயே நின்னுக்கிட்டு, 'தூங்குறா மிஸஸ் மாட், இன்னொரு நாள் வாங்க'ங்குறான். அவ்வளவு மரியாதையா. திரும்பி நடந்துட்டு மேல பாக்குறேன், மாடி ஜன்னல்ல நிக்கிறா. ஒரு கண்ணு வீங்கி முழுசா மூடிக் கெடக்கு."

"போலீசுக்குப் போனியா?"

"போனேன். சார்ஜென்ட் நல்லவர்தான், உக்கார வெச்சு டீ குடுத்தார். 'இது புருஷன் பொண்டாட்டி விவகாரம்மா, உங்க பொண்ணே வந்து சொல்லட்டும், பாக்கலாம்'னுட்டார். அவ வர மாட்டா மிஸ்டர் பெல்கேட். ஷூ இல்லாததால இல்ல. மறுநாள் அவன் ஆபீஸ் போனப்புறம் போய், ஜன்னலுக்குக் கீழ நின்னு, நானே கதவை உடைக்கிறேன்னு சொன்னேன், அப்பவும் வேண்டாம்னா. 'போலீஸ் என் பக்கம், நீ எங்க போனாலும் ஆள் விட்டுப் புடிச்சுட்டு வருவேன், குழந்தைய உன் கண்ணுலயே காட்ட மாட்டேன்'னு சொல்லிச் சொல்லி அவ மண்டைல ஏத்தி வெச்சிருக்கான்." திரும்பினாள். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் தெளிந்திருந்தது. "போலீசே அவன் வீட்டுக்குள்ள வந்து அவன் முன்னாடி நின்னா, அவ கெளம்பிடுவா. அஞ்சு நிமிஷம் போதும்."

அவள் என்ன கேட்கிறாள் என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரித்துவிட்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"ஜெயில்ல தூக்கிப் போடுவாங்க, வின்னி."

"தெரியும்."

அவ்வளவுதான். புதிதாகப் பசை தடவி மீசையை ஒட்டினாள். இந்த முறை நேராக இருந்தது.

அன்று எடுத்தது பிணத்தைக் கண்டுபிடிக்கும் காட்சி. கொலையுண்ட மனைவியாக நடித்த பெண் கம்பளத்தில் மல்லாந்து படுத்தபடி, விளக்கைச் சரிசெய்யும் இடைவெளியில் ஒரு பன்னைத் தின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் வின்னி வரைந்த நீல விரல் தடங்கள். டைரக்டர் ராஃப் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் மனிதர். நின்று பேசினால் படம் முடியாது என்பது அவர் கணக்கு. "பன்னை முழுங்கும்மா, சாகணும்!" என்று கத்தினார். ஹ்யூபர்ட் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். கதவை மூடியபோது அட்டைச் சுவர் லேசாக ஆடியது, யாரும் கண்டுகொள்ளவில்லை. மண்டியிட்டார். பெண்ணின் கண்களை மூடிவிட்டு நிமிர்ந்து, "நாம தாமதமா வந்துட்டோம், சார்ஜென்ட்," என்று சொல்ல வேண்டும்.

அந்த வசனத்தை, ஒன்றிரண்டு சொற்கள் முன்பின்னாக, எத்தனையோ படத்தில் சொல்லியிருக்கிறார். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். இப்போது வரவில்லை. பெண்ணின் உதட்டோரம் பன்னின் சர்க்கரைத்தூள் ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் ஒரு படத்திலாவது தான் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறோமா என்று யோசித்தார். இல்லை. போய்ச் சேர்ந்தால் கதையே இல்லை. பெண் செத்த பிறகுதான் அவருக்கு வேலை.

"ஹ்யூபர்ட்! வசனம்!"

"மன்னிக்கணும். இன்னொரு தடவை."

ஹ்யூபர்ட் தைரியசாலி இல்லை. அதை அவரே யாரிடமும் மறைத்ததில்லை. போர்க்காலத்தில் சிப்பாய்களுக்கு நாடகம் போடும் குழுவில் இருந்தார். குண்டுச் சத்தத்தைத் தொலைவிலிருந்து கேட்டதோடு சரி. ரிச்மண்டில் அவர் குடியிருந்த வீட்டுக்காரம்மா ஆறிப்போன சூப்பை வைத்தாலும் நன்றாயிருக்கிறது என்று சொல்லிக் குடித்துவிடுவார். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் மன்னிப்புக் கேட்பது அவராகத்தான் இருக்கும். ஆனால் மாலைத் தேநீருக்கு எல்லோரும் கலைந்தபோது அவர் வின்னியின் அறை வாசலில் போய் நின்றார்.

"ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுல இருப்பானா?"

வின்னி சீப்பைக் கீழே வைத்தாள்.

ஞாயிறு மதியம் தூறிக்கொண்டிருந்தது. டாக்ஸியைத் தெரு முனைக்கு அப்பால், தேவாலயச் சுவரை ஒட்டி நிறுத்தச் சொன்னார்கள். மீசை வேண்டாம் என்று வின்னி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மழையில் பசை நிற்காது, வெறும் முகமாகப் போனால் பின்னால் அடையாளம் தெரியாது, எல்லாம் நியாயமான பேச்சு. "அது இல்லாம என்னால அந்தக் குரல்ல பேச முடியாது, வின்னி," என்றார் ஹ்யூபர்ட். அவள் டாக்ஸிக்குள்ளேயே, ஓட்டுநர் கண்ணாடி வழியாக வேடிக்கை பார்க்கப் பார்க்க, ஒட்டிவிட்டாள். "நாடகமா சார்?" என்றான் ஓட்டுநர். "தர்மத்துக்குப் போடுறது," என்றார் ஹ்யூபர்ட்.

தெருவில் ஆள் நடமாட்டமில்லை. எல்லா வீட்டிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை இறைச்சி வேகும் வாசனை வந்தது. ஹாரப் வீட்டின் ரோஜாச் செடிகள் அளந்து வெட்டியதுபோல் நின்றன. கதவின் பித்தளை வளையத்தில் அவர் முகம் நசுங்கித் தெரிந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தார். கையோ வளையத்தைத் தட்டிவிட்டிருந்தது.

கதவைத் திறந்தவன் கம்பளி மேல்சட்டை போட்டு, கையில் மடித்த துணியோடு நின்றான். அழகான முகம். கண்களில் கோபமோ பயமோ இல்லை.

"சொல்லுங்க சார்?"

"மிஸ்டர் ஹாரப்? இன்ஸ்பெக்டர் பார்ட்லெட்." வரும் வழியில் ஒரு கசாப்புக் கடைப் பலகையில் பார்த்த பெயர் அது. "உள்ள வரலாமா?"

"எதுக்குன்னு தெரிஞ்சுக்கலாமா? உங்க அடையாள அட்டை…"

படங்களில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால் கால்களுக்குப் பழக்கம் இருந்தது. தொப்பியைக் கழற்றினார், தண்ணீரை உதறினார், அவனுடைய தோளுக்கு மேலாக வீட்டின் உட்புறத்தைப் பார்த்தபடி ஒரு எட்டு எடுத்து வைத்தார். கேமரா முன்னால் ராஃப் சொல்லிக் கொடுத்த வித்தை அது: உள்ளே இருப்பதைப் பார்த்துக்கொண்டே நடந்தால் எதிரில் நிற்பவன் தானாக விலகுவான். லென் விலகினான்.

பெரில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். நீளக்கை உடுப்பு. கண்ணைச் சுற்றி வீக்கம் வற்றி மஞ்சள் படர்ந்திருந்தது. மேசைக்கு அடியில் காலுறை மட்டும் போட்ட பாதங்கள், ஒன்றின் மேல் ஒன்று. குழந்தை உயரமான நாற்காலியில் உருளைக்கிழங்கை நசுக்கிக்கொண்டிருந்தது. வானொலியில் யாரோ தோட்டம் போடுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"மிஸஸ் ஹாரப், உங்களுக்கு அடிபட்டிருக்குதுன்னு எங்களுக்குத் தகவல் வந்திருக்கு."

"அலமாரிக் கதவுல இடிச்சுக்கிட்டா," என்றான் லென். "இவளுக்குக் கவனமே கிடையாது இன்ஸ்பெக்டர். நான் எத்தனை தடவை சொல்றது?"

"நான் அவங்களைக் கேட்டேன்."

நல்ல வசனம்தான். ஆனால் அதற்குப் பிறகு எதுவும் இல்லை. ஸ்டுடியோவில் இந்த இடத்தில் எதிராளி உளறிக் கொட்டுவான், அல்லது சார்ஜென்ட் ஓடி வருவான். இங்கே வானொலிக்காரர் மட்டும் டூலிப் பூச்செடியின் கிழங்கை எவ்வளவு ஆழத்தில் நடுவது என்று விளக்கினார். பெரில் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. லென் மேசையைச் சுற்றி வந்து மனைவியின் நாற்காலி முதுகில் கையை வைத்தான். அவள் தோள் சட்டென்று சுருங்கியது. பிறகு அவன் தலையைச் சாய்த்து ஹ்யூபர்ட்டை உற்றுப் பார்க்கத் தொடங்கினான்.

"உங்களை எங்கேயோ பாத்திருக்கேன்."

"இருக்கலாம். இந்தப் பக்கம் அடிக்கடி வர்றதுதான்."

"இல்ல… இங்க இல்ல." அவன் நிதானமாக யோசித்தான். "எங்கேன்னு இப்ப ஞாபகத்துக்கு வந்துடும்."

மேலுதட்டின் இடது ஓரத்தில் ஈரமாக ஏதோ ஊர்வதை ஹ்யூபர்ட் உணர்ந்தார். பசை விடுகிறது. கையை உயர்த்தி அழுத்தினால் முடிந்தது கதை. அழுத்தாவிட்டாலும் முடிந்தது. அப்போதுதான் பெரில் நிமிர்ந்தாள். நேராக அவருடைய மீசையைப் பார்த்தாள், பிறகு கண்களை. அவருக்கு நினைவு வந்தது: பெரில் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு விடுமுறையில் வின்னி அவளை ஸ்டுடியோவுக்கு அழைத்து வந்திருந்தாள், பச்சை சோபாவில் உட்கார்ந்து நாள் முழுக்கப் படப்பிடிப்பைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. போலீஸ் வரவில்லை. அம்மா தன்னோடு வேலை பார்க்கும் ஒரு நடிகரை அனுப்பியிருக்கிறாள். உதவி என்று அவ்வளவுதான் வந்திருக்கிறது.

பெரில் எழுந்தாள். லெனின் கை நாற்காலி முதுகிலேயே தங்கிவிட்டது.

"நல்லவேளை வந்தீங்க, இன்ஸ்பெக்டர்," என்றாள். "நீங்க ஸ்டேஷன்ல சொன்னபடியே எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிருக்கேன். என்னென்ன நடந்துச்சோ எல்லாம். என் ஷூ மாடிப்படிக்குக் கீழ, பையில இருக்கு. சாவி இவர் பாக்கெட்டுல."

"ஸ்டேஷனா?" லென் அவள் பக்கம் திரும்பினான். முதல்முறையாக அவன் முகம் குழம்பியது. "நீ எப்ப ஸ்டேஷனுக்குப் போன?"

அவன் திரும்பிய அந்தக் கணத்தில் ஹ்யூபர்ட் மூக்கைத் துடைப்பதுபோல் கைக்குட்டையால் மீசையை அழுத்திக்கொண்டார். பெரில் குழந்தையை நாற்காலியிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். லென் அவளைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். தனக்குத் தெரியாமல் இந்த வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்பதுதான் அவனை உலுக்கியது.

ஹ்யூபர்ட் கையை நீட்டினார்.

"சாவி, மிஸ்டர் ஹாரப்."

லென் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தான். பையைத் திறந்ததும் பெரில் நடைவழியில் மண்டியிட்டு, குழந்தையை ஒரு கையால் அணைத்தபடி, மறு கையால் ஷூவை மாட்டினாள். கோட்டை எடுத்தாள். வேறெதையும் எடுக்கவில்லை. லென் வாசல்வரை வந்து, அண்டை வீட்டார் கேட்காத குரலில், "நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து உங்களைப் பாக்குறேன், இன்ஸ்பெக்டர் பார்ட்லெட்," என்றான். 'பார்ட்லெட்' என்பதை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். தெருவில் இறங்கியதும் பெரிலின் நடை வேகமெடுத்தது. "ஓடாதம்மா. அவன் பாத்துக்கிட்டிருக்கான்," என்றார் ஹ்யூபர்ட் உதடு அசையாமல். தெரு முனை திரும்பியதும் அவர் தேவாலயச் சுவரில் கையூன்றி நின்றுவிட்டார். அவரைத் தாங்கிப் பிடித்து டாக்ஸிக்குள் ஏற்றியவள் பெரில்.

அன்றைக்கே ரயிலேற்றி அவளையும் குழந்தையையும் வடக்கே விட்பி என்ற கடலோர ஊரில் இருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஹ்யூபர்ட் வழக்கம்போல வேலைக்கு வந்தார். ஆற்றங்கரையில் ஒரு போலீஸ்காரரின் தலைக்கவசம் தெரிந்தாலும் வேறு வழியாகத் திரும்பி நடந்தார். ஸ்டுடியோ தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் ராஃபின் முகத்தைப் பார்த்தார். யாரும் வரவில்லை. லென் ஸ்டேஷனுக்குப் போனானா, பார்ட்லெட் என்று யாருமில்லை என்று தெரிந்துகொண்டானா, தெரிந்தும் வாயைத் திறக்காமல் ஏதாவது யோசித்துக்கொண்டிருக்கிறானா, ஒன்றும் தெரியவில்லை. விட்பியில் பெரில் ஜன்னல் ஓரம் உட்காருவதில்லையாம். ஆனால் குழந்தையைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறாளாம்.

அடுத்த வாரம் அவருக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்த வின்னி கையை நிறுத்தினாள்.

"வசந்த காலத்துல எடுத்தோமே, அந்தப் படம். டூட்டிங்ல போடுறாங்க. அவங்க தெருவுக்குப் பக்கத்துத் தியேட்டர்."

"அவன் படம் பாப்பானா?"

"சனிக்கிழமை மத்தியானமானா தவற மாட்டான். தனியாத்தான் போவான். துப்பறியுற படம்னா உயிர்."

ஹ்யூபர்ட் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். "இதை அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்க," என்றாள் வின்னி. குரலில் வருத்தமோ வெட்கமோ இல்லை. மறுபடி பவுடரைப் பூச ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை வீட்டிலிருக்க அவரால் முடியவில்லை. அவன் தெரிந்துகொண்டானா இல்லையா என்று தன் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று தோன்றியது. தெரிந்தால் வின்னிக்குத் தந்தியடிக்கலாம், பெரில் வேறு ஊருக்குப் போய்விடலாம். அதன் பிறகு தனக்கு என்ன ஆகும் என்பதை அவர் யோசிக்காமல் தள்ளி வைத்தார். சின்னத் தியேட்டர் அது. கடைசி வரிசைக்கு நேர் மேலே படம் ஓட்டும் அறை. ஒளி தலையை உரசிக்கொண்டு போகும். ஹ்யூபர்ட் அங்கே, நடைபாதையை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்தார். சிகரெட் புகை மேலே சுருண்டது. நாலைந்து வரிசை முன்னால் லெனின் படிய வாரிய தலை தெரிந்தது. பக்கத்து இருக்கையில் அவன் தொப்பியை வைத்திருந்தான்.

படம் தொடங்கியது. பச்சை சோபா, கறுப்பு வெள்ளையில் நல்ல விலை உயர்ந்த சோபாவாகத் தெரிந்தது. கதவு திறந்தது. மழைக்கோட்டும் மீசையுமாக, வீட்டளவு பெரிய முகத்தோடு, ஹ்யூபர்ட் பெல்கேட் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றினார், தண்ணீரை உதறினார், யாருடைய தோளுக்கு மேலாகவோ அறையைப் பார்த்தார்.

படிய வாரிய தலை அசையவில்லை. வெகு நேரம் அசையவில்லை. ஹ்யூபர்ட் அந்தப் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவன் கை மெதுவாக நீண்டு பக்கத்து இருக்கையிலிருந்த தொப்பியை எடுத்தது. எழுந்தான். உட்கார்ந்திருந்தவர்களிடம் ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டபடி, முழங்கால்களைத் தாண்டித் தாண்டி, நடைபாதைக்கு வந்தான். வெளியே போகும் வழி ஹ்யூபர்ட்டைக் கடந்துதான். இருட்டில் குனிந்துகொண்டால் போதும். அவன் பார்க்காமலே போய்விடுவான், ரயில் நிலையத்துக்கோ, போலீஸ் ஸ்டேஷனுக்கோ, வின்னியின் வீட்டுக்கோ.

ஹ்யூபர்ட் எழுந்து, வழியை மறித்து, நடைபாதையின் நடுவில் நின்றார். ஒளி அவர் தலையில் மோதியது. திரையின் பாதியை ஒரு கறுப்பு உருவம் மறைத்தது.

"உக்காருய்யா!" என்று யாரோ கத்தினார்கள். "தலையை எடு!"

நடைபாதையில் ஏறி வந்துகொண்டிருந்த லென் நின்றான். திரும்பித் திரையைப் பார்த்தான். அங்கே இன்ஸ்பெக்டரின் முகத்தின் மேல் ஹ்யூபர்ட்டின் நிழலே விழுந்து கிடந்தது. முகம் மறைந்த நிலையிலும் குரல் மட்டும் கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தது. லென் மறுபடி இந்தப் பக்கம் திரும்பினான், கண் கூச, கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு. கூச்சல் அதிகமானது. யாரோ ஒரு ஆரஞ்சுத் தோலை வீசினார்கள்; அது ஹ்யூபர்ட்டின் கோட்டில் பட்டு விழுந்தது. அவர் உட்காரவில்லை.